ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்

ஐப்பசியில் கடல் பூட்டிக்கொள்ளும்.
உப்புவெளியில் படகுகளைத் தென்னைகளோடு கட்டிவிட்டால்
வெள்ளைக்காரரும் முக்குளிப்புக்காரரும்
தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள்.
நான் மேலே போனேன்.

என் தொழில் காற்று.
ஒரு சிலிண்டருக்கு இருநூறு பார்.
கொம்பிரசர் இரைய இரைய முள் ஏறும்;
பிறர் முக்கால் மணிநேரம் விடப்போகும் மூச்சை
அடைத்துக் கொடுப்பவன்.
அதனால்தானோ என்னவோ
காற்றுக் குறைந்த இடமொன்றைப் பார்க்கும் ஆசை.

ஐந்து சீசன் டிப்ஸ் காசு. சுகிர்தா கழித்தெடுத்த சீட்டு.
ஏறிப் பழக மலை ஏது திருகோணமலையில்?
பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான்.
கோட்டை வாசலிலிருந்து கோணேசர் படி வரை
முதுகில் பன்னிரண்டு கிலோ ஈயம்,
ஆட்களைக் கடலுக்குள் இறக்கும் அதே கட்டிகள்,
போக, வர, போக, வர.
முதல் வாரம் மான்கள் ஓடின.
அடுத்த வாரம் தலை நிமிர்த்தின.
பிறகு நான் யாரென்றே கேட்கவில்லை.

அந்தச் சிகரத்துக்குத் தீவு என்று பெயர்.
பனியாற்றின் நடுவே தனித்து நிற்பதாலாம்.
தீவிலிருந்து தீவுக்குப் போக இவ்வளவு செலவா
என்றான் பாலையூற்று ரெஜினோல்ட்.

வழிகாட்டி தெம்பா. கடலைப் படத்தில் மட்டும் கண்டவன்.
பிஸ்தாரே, பிஸ்தாரே என்பான்: மெதுவாக.
ஏறு. கொஞ்சம் இறங்கு. இறங்கின இடத்தில் தூங்கு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினொரு வருடமாக
ஈர உடுப்போடு நிற்பவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்:
கீழே எப்படியும் போகலாம்,
மேலே வரும்போதுதான் ஆள் சாவது.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம்
கயிற்றைப் பிடித்தபடி சும்மா நில்.

இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டோம்.
விடிந்தபோது எதிரே பனிச்சுவர்.
ஜூமாரைத் தள்ளு, தொங்கு, மூன்று மூச்சு.
பிறகு ஐந்து.
பிறகு எண்ணவில்லை.
உச்சி தெரிந்தது,
மழை விட்ட காலையில் மூதூர்க் கரைபோல
கை நீட்டினால் எட்டும் என்று.
தெம்பா என் மகளின் பெயர் கேட்டான்.
தயங்காமல் நான் சொன்னது
கொம்பிரசரின் தொடரிலக்கம்.

அவன் வாதாடவில்லை.
என் கொக்கியைக் கழற்றி
இறங்கும் கயிற்றில் மாட்டினான்.
கத்தினேன். எந்த மொழியிலோ.
காசு என்றேனாம்.
மான் என்றேனாம்.

பாறைக்கு வந்து தேநீர் குடித்த பிறகு
அந்தப் போலந்துக்காரனின் ஞாபகம்.
புறாமலைக்கு அப்பால், பதினெட்டு மீட்டரில்,
காற்றுத் தீர்கிறதென்று பயந்து மேலே பாய்ந்தவனின்
துடுப்புக் காலைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன்.
குமிழி குமிழியாகத் திட்டினான்.
என்ன திட்டினான் என்பது இப்போது விளங்கியது.

“தொட்டியா மச்சான்?” அலஸ்தோட்டச் சந்தி முழுக்க ஒரே கேள்வி.
ரெஜினோல்டுக்கு ஓம் என்றேன்.
வங்கிக்காரருக்குக் கிட்டத்தட்ட.
கபிஷாவிடம் மட்டும்
உன் பெயர் மறந்துபோச்சு என்றேன்.
இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை.

கயிலையின் துண்டொன்று விழுந்து
கோணமலை ஆனதென்று கதை.
மார்கழியில் ஒருநாள் ஈயமில்லாமல் ஏறி
இராவணன் வெட்டருகே நின்று பார்த்தேன்.
விழுந்த கல் மாதிரித் தெரியவில்லை.
யாரோ கயிறு போட்டு
நிறுத்தி நிறுத்தி இறக்கியிருக்கிறார்கள்.

சித்திரையில் கடல் திறந்தது.
முள் இருநூறைத் தொட்டதும் வால்வைச் சற்றே தளர்த்தி
முகத்தில் வாங்கிக்கொள்கிறேன்.
கனமாக இருக்கிறது.
படகில் ஏறும் ஜெர்மன்காரியிடம்
பிஸ்தாரே என்று வாயில் வந்துவிடுகிறது.
அவளுக்கு விளங்கவில்லை.
தமிழ் என்று நினைத்துத் தலையாட்டுகிறாள்.